கைக்குழந்தை மூச்சுப்பாதையில கட்டி: எது தானா கரையும், எதுக்கு மருந்து, எதுக்கு கத்தி

"பயப்படாதீங்க, கேன்சர் இல்ல, சாதா கட்டிதான்"னு டாக்டர் சொன்னதும் எந்த அப்பா அம்மாவுக்கும் போன உயிர் பாதி திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஆனா அதே டாக்டர் அடுத்த வார்த்தையா "இன்னைக்கே அட்மிட் பண்ணிடுங்க"ன்னு சொல்லுவாரு, அப்பதான் குழப்பம் ஆரம்பிக்கும், சாதா கட்டிங்கறாங்க அப்புறம் எதுக்கு இவ்ளோ அவசரம்னு. சாதா கட்டின்னா அது பக்கத்து சதையை அரிச்சுக்கிட்டு போகாது, உடம்புல வேற இடத்துக்குப் பரவாதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். அது எங்க உக்காந்திருக்குங்கறத பத்தி அந்த வார்த்தை ஒண்ணுமே சொல்றதில்ல. அதே கட்டி முதுகுல வந்திருந்தா யாரும் கண்டுக்கவே மாட்டாங்க, தானா வந்து தானா போயிருக்கும், மூச்சுப்பாதைல வந்தா மட்டும் அது போறவரைக்கும் குழந்தையை உயிரோட பத்திரமா கொண்டுபோய் சேர்க்கணும். இந்த சிகிச்சை எல்லாத்துக்கும் அடிப்படை இதுதான்னு நான் நினைக்கிறேன், கட்டியை ஒழிக்கறது ரெண்டாவது, அந்த சில மாசங்களை மூச்சுக்குழாய்க்கு காயம் படாம கடந்து வர்றதுதான் முதல்ல.

இடம் எவ்ளோ சின்னதுன்னு முதல்ல பாத்துடலாம். நிறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு மூச்சுப்பாதைலயே ரொம்ப குறுகலான இடம் குரல் நாணுக்கு சரியா கீழ இருக்கு, அகலம் சுமாரா 5 மில்லிமீட்டர். அந்த இடத்தைச் சுத்தி கிரிகாய்டுன்னு ஒரு குருத்தெலும்பு வளையம் இருக்கு, மூச்சுக்குழாய்ல மத்த வளையமெல்லாம் பின்பக்கம் திறந்து லாடம் மாதிரி இருக்கும், இது ஒண்ணுதான் முழு மோதிரம். அதனால உள்ள எது வளந்தாலும் வெளிப்பக்கம் விரிஞ்சு கொடுக்க வழியே இல்ல, முழுக்க காத்து போற வழிலதான் வந்து நிக்கும். 5 மி.மீ வழில சுத்திவர வெறும் 1 மி.மீ வீங்கினா மிச்சம் 3 மி.மீ, பரப்பளவு கணக்குல 64 சதவீதம் போச்சு. அதோட முடியல, ஒரு குழாய்ல காத்து சீரா ஓடும்போது தடை ஆரத்தோட நாலாவது அடுக்குக்கு தலைகீழா மாறும், அப்படிப் பாத்தா மூச்சு இழுக்கற சிரமம் கிட்டத்தட்ட 8 மடங்கு ஏறுது, குழந்தை அழுது காத்து சுழன்று ஓட ஆரம்பிச்சா அதுக்கும் மேல. பெரியவங்களுக்கு அதே 1 மி.மீ வீக்கம்னா தொண்டை கொஞ்சம் கரகரங்கும், அவ்ளோதான். குழந்தையோட விலா எலும்பும் வளையற பருவத்துல இருக்கறதால ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ள ஒடுங்கும், சீக்கிரம் களைச்சுப் போயிடும்.

மூச்சு வாங்கற சத்தம் எந்த நேரத்துல வருதுன்னு கவனிச்சாலே அடைப்பு எந்த மாடில இருக்குன்னு ஓரளவு தெரிஞ்சிடும், இது ரொம்ப உபயோகமான விஷயம், செலவே இல்லாதது. மூச்சை உள்ள இழுக்கும்போது மட்டும் சத்தம் வந்தா குரல் நாணுக்கு மேல. இழுக்கும்போதும் வருது விடும்போதும் வருதுன்னா குரல் நாண்லயோ அதுக்கு கீழயோ. விடும்போது மட்டும்னா நெஞ்சுக்குள்ள இருக்கற குழாய்ல. அழுகைக் குரலே கம்மிப் போச்சுன்னா குரல் நாண் மேலயே ஏதோ இருக்கு. அடுத்தது சத்தம் எப்ப ஆரம்பிச்சதுங்கறது, பொறந்த நாள்லேருந்தேவா, ரெண்டு வாரம் கழிச்சா, ஒன்றரை மாசத்துலயா. பொதுவா கைக்குழந்தைக்கு இப்படி சத்தம் வர்றதுக்கு முதல் காரணம் கட்டியே கிடையாது, லாரிங்கோமலேசியான்னு குரல்வளையோட மேல்பகுதி கொழகொழன்னு இருந்து மூச்சு இழுக்கும்போது உள்ள மடங்கறது, பெரும்பாலும் ஒன்னு ரெண்டு வயசுக்குள்ள தானா சரியாயிடும். அதனால சத்தம் கேட்டதும் கட்டிதான்னு முடிவு கட்ட வேண்டாம், ஆனா "எல்லா குழந்தைக்கும் இருக்கறதுதான்"னு கேமரா விட்டுப் பாக்காமலே விடறதும் தப்பு, ஏன்னா இதே சத்தத்தோட ஒளிஞ்சிருக்கற மூணு நாலு விஷயம் இருக்கு.

அதுல முதல் ஆள் ஹீமாஞ்சியோமா, ரத்தக்குழாய் கட்டி. கைக்குழந்தைங்களுக்கு வர்ற கட்டிகள்லயே இதுதான் அதிகம், நூத்துல 4, 5 குழந்தைக்கு உடம்புல எங்கயாவது வருது, பெரும்பாலும் தோல்ல செக்கச் செவேல்னு தெரியும். பெண் குழந்தைங்களுக்கும் குறைமாசத்துல எடை கம்மியா பொறந்தவங்களுக்கும் அதிகம். இதுக்குன்னு ஒரு கால அட்டவணையே இருக்கு: பொறக்கும்போது ஒண்ணுமே தெரியாது, சில வாரத்துல தலை காட்டும், ஒன்னு ரெண்டு மாசத்துல வேகமா பெருக்கும், பெரும்பாலானது 5 மாசத்துக்குள்ள முக்கால்வாசி வளந்து முடிச்சிடும், ஒரு வயசு வாக்குல சுருங்க ஆரம்பிக்கும், அப்புறம் சில வருஷம் எடுத்துக்கிட்டு மங்கிப் போயிடும். 2000ல பாலா நார்த்ங்கற நோயியல் நிபுணரோட குழு இந்த கட்டியோட செல்கள்ல குளூட்-1ங்கற ஒரு புரோட்டீன் இருக்குன்னு காட்டினாங்க, சாதாரண தோல் ரத்தக்குழாய்ல அது இருக்காது, நஞ்சுக்கொடியோட ரத்தக்குழாய்ல இருக்கும், அதனால இது எங்கேருந்து வருதுங்கற கேள்விக்கு ஒரு சுவாரசியமான தடயம் கிடைச்சுது, பொறக்கும்போதே இருக்கற மத்த ரத்தக்குழாய் கோளாறுகள்லேருந்து இதை பிரிச்சுச் சொல்லவும் வழி கிடைச்சுது.

இந்த கட்டி கிரிகாய்டு வளையத்துக்குள்ள வந்தா என்ன ஆகும்? பொறந்தப்ப குழந்தை ரொம்ப நல்லா இருக்கும், வீட்டுக்கு வந்து ஒன்னரை ரெண்டு மாசம் ஆனப்புறம் சளி புடிச்ச மாதிரி ஆரம்பிச்சு, நாய் குரைக்கற மாதிரி இருமல், மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் சத்தம். பாக்கறவங்க குரூப்ங்கற வைரஸ் தொண்டை வீக்கம்னு நினைப்பாங்க, அறிகுறி அச்சு அசல் அதே மாதிரி இருக்கும். குரூப்புக்கு என்ன கொடுப்பாங்க, டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. இங்கதான் பொறி இருக்கு, அதே ஸ்டீராய்டு ஹீமாஞ்சியோமாவையும் கொஞ்ச நாளைக்கு சுருக்கிடும்! குழந்தை தெளிஞ்சிடும், எல்லாரும் நிம்மதியா வீட்டுக்கு வருவாங்க, மருந்து வேகம் போனதும் மறுபடி சத்தம், மறுபடி எமர்ஜென்சி, மறுபடி ஸ்டீராய்டு, மறுபடி தெளிவு. மருந்துக்கு கேட்டுதுங்கறதே நோய் கண்டுபிடிக்கறத தள்ளிப் போடுது. குரூப் பொதுவா 6 மாசத்துலேருந்து 3 வயசு வரைக்கும் வர்றது, அதனால 6 மாசத்துக்கு கீழ இருக்கற குழந்தைக்கு, அதுவும் 2, 3 மாசக் குழந்தைக்கு, குரூப்னு சொன்னா, அதுலயும் ரெண்டாவது தடவை வந்தா, கேமரா விட்டுப் பாக்கணும்னு கேக்க பெத்தவங்களுக்கு முழு உரிமை இருக்கு. இந்த ஒரு விஷயம் இன்னும் நிறைய பேருக்குப் போய்ச் சேரணும்னு மனசார ஆசைப்படறேன்.

தோல்ல ஒரு துப்பும் கிடைக்கலாம். தாடி வளர்ற இடம் எல்லாம், அதாவது காதுக்கு முன்னாடி, தாடை, மோவாய், கீழுதடு, கழுத்தோட முன்பக்கம், அங்க பெருசா பரவலா சிவப்பு ஹீமாஞ்சியோமா இருக்கற குழந்தைங்கள்ல பாதிக்கு மேல மூச்சுப்பாதையும் சம்பந்தப்பட்டிருக்கும்னு 1997லயே எழுதி வச்சிட்டாங்க. ஆனா மூச்சுப்பாதைல கட்டி இருக்கற குழந்தைங்கள்ல பாதி பேருக்கு தோல்ல ஒரு புள்ளி கூட இருக்காது, அதனால தோல் சுத்தமா இருக்குங்கறத வச்சு இல்லன்னு சொல்ல முடியாது.

எதுவா இருந்தாலும் கண்ணால பாத்தாதான் முடிவு. முதல்ல மூக்கு வழியா நூல் மாதிரி மெல்லிசான வளையற கேமராவை விட்டு, குழந்தை முழிச்சிருக்கும்போதே அம்மா மடிலயே வச்சு பாத்துடலாம், ஆனா அது குரல் நாண் வரைக்கும்தான் நம்பிக்கையா காட்டும். அதுக்கு கீழ பாக்கணும்னா ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து, வளையாத டெலஸ்கோப். குழந்தையை தானா மூச்சு விட வச்சுக்கிட்டே மயக்கத்துல வச்சிருக்கணும், டாக்டர் பாக்கற இடமும் மயக்க மருந்து நிபுணர் காத்து அனுப்பற இடமும் ஒண்ணே, அதனால இது ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு செய்யற வேலை, குழந்தைங்களுக்குன்னே பழகின டீம் இருக்கற இடத்துலதான் செய்யணும். ஹீமாஞ்சியோமா வழவழன்னு மெத்துன்னு ஒரு பக்கமா, பல நேரம் இடது பின்பக்கமா உப்பிக்கிட்டு இருக்கும், தொட்டா அமுங்கும். ரத்தக் கட்டிங்கறதால பெரும்பாலும் சதை வெட்டி டெஸ்டுக்கு அனுப்ப மாட்டாங்க, பாத்தே முடிவு செய்வாங்க. நீர்க்கட்டின்னா பலூன் மாதிரி மெல்லிசா வெளிச்சம் ஊடுருவற மாதிரி இருக்கும், பாப்பிலோமாங்கற வைரஸ் மருன்னா குட்டி குட்டி காலிஃப்ளவர் கொத்து.

இப்ப சிகிச்சைக்கு வருவோம், இதோட பழைய கதை தெரிஞ்சாதான் இன்னைக்கு இருக்கற வழியோட அருமை புரியும். கட்டி எப்படியும் ஒரு வயசுக்கு மேல சுருங்கும்னு தெரியும், அதனால முன்னாடி கழுத்துல ஓட்டை போட்டு ட்யூப் வச்சு, அதாவது ட்ரக்கியாஸ்டமி பண்ணி, வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. அந்த ட்யூப் சளில அடைச்சாலோ கழண்டாலோ நிமிஷத்துல உயிர் போகலாம், யாராவது ஒருத்தர் ராத்திரியும் பகலும் முழிச்சிருக்கணும், குழந்தை அழற சத்தம் கூட வெளிய கேக்காது, பேச்சு வர்றதும் தள்ளிப்போகும். ஒரு காலத்துல ரேடியேஷன் கூட கொடுத்தாங்க, பின்னாடி அது கேன்சருக்கு வழி வைக்கும்னு தெரிஞ்சதும் விட்டாங்க. மாசக்கணக்கா ஸ்டீராய்டு கொடுத்தா முகம் உப்பும், வளர்ச்சி நிக்கும், பிரஷர் ஏறும், தொத்து வியாதி ஈசியா வரும். இன்டர்ஃபெரான் ஊசி போட்டுப் பாத்தாங்க, சில குழந்தைங்களுக்கு கால் தசை இறுகி நடக்கவே சிரமப்படற நரம்பு பாதிப்பு வந்துது. 1980கள்லேருந்து கார்பன் டை ஆக்ஸைடு லேசர் வச்சு கட்டியை எரிச்சாங்க, வேலை செஞ்சுது, ஆனா அந்த மோதிரத்துக்குள்ள சுத்திவர எரிச்சா ஆறும்போது தழும்பு விழுந்து பாதையே நிரந்தரமா சுருங்கிடும், தானா போகக்கூடிய ஒரு கட்டிக்காக தானா போகவே போகாத ஒரு தழும்பை வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிடும். கழுத்தைத் திறந்து கட்டியை முழுசா எடுக்கற ஆபரேஷனும் உண்டு, நல்ல கைல நல்ல பலன் இருந்துது, ஆனாலும் ரெண்டு மூணு மாசக் குழந்தைக்கு அது பெரிய ஆபரேஷன்.

2008ல எல்லாம் மாறிச்சு, அதுவும் யாரும் தேடாமலே. பிரான்ஸ்ல போர்டோ நகரத்துல கிறிஸ்டீன் லெயோட்டே-லாப்ரேஸ்ங்கற தோல் மருத்துவர்கிட்ட மூக்குல ஹீமாஞ்சியோமாவோட ஒரு குழந்தை இருந்துது, அதுக்கு ஸ்டீராய்டு போயிக்கிட்டு இருந்தப்ப இதயத் தசை தடிச்சு ரத்தம் வெளிய போற வழியே அடைபடற பிரச்சனை வந்துது. இதயத்துக்காக ப்ரோப்ரானோலால் ஆரம்பிச்சாங்க, அது ஒண்ணும் புதுசு இல்ல, 1960கள்ல ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடிச்ச பழைய பீட்டா பிளாக்கர், பிரஷருக்கும் நெஞ்சு வலிக்கும் கொடுக்கறது, அவருக்கு 1988ல நோபல் பரிசு வாங்கிக் கொடுத்த வேலைகள்ல அதுவும் ஒண்ணு. மருந்து ஆரம்பிச்ச மறுநாளே கட்டியோட ரத்தச் சிவப்பு ஊதாவா மாறி, தொட்டா இளகியிருந்துது. அப்புறம் வேற குழந்தைங்களுக்கும் கொடுத்துப் பாத்து மொத்தம் 11 குழந்தைங்களோட விவரத்தை அந்த வருஷம் ஜூன்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு சின்ன கடிதமா போட்டாங்க. அடுத்த வருஷமே மூச்சுப்பாதை ஹீமாஞ்சியோமாவுக்கும் கொடுத்து பலன் கிடைச்சதுன்னு அறிக்கைகள் வர ஆரம்பிச்சுது. இதயத்தை மட்டும் பாத்துட்டு விட்டிருந்தா "ஏதோ தற்செயல்"னு போயிருக்கும், அந்த நிற மாற்றத்தை கவனிச்சு இது ஏன்னு யோசிச்ச அந்த நிமிஷத்தை நினைச்சா எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

2014ல அமெரிக்காவோட எஃப்.டி.ஏ குழந்தைங்களுக்கான ப்ரோப்ரானோலால் சிரப்பை இதுக்காகவே அங்கீகரிச்சுது, 2015ல வந்த பெரிய ஆய்வுல ஒரு கிலோ எடைக்கு தினம் 3 மில்லிகிராம் வீதம் 6 மாசம் வாங்கினவங்கள்ல 60 சதவீதத்துக்கு கட்டி முழுசாவோ கிட்டத்தட்ட முழுசாவோ போச்சு, மருந்தே இல்லாத வெறும் சிரப்பை வாங்கினவங்கள்ல 4 சதவீதம்தான். ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த ஆய்வுல உயிருக்கு ஆபத்தான இடத்துல கட்டி இருக்கற குழந்தைங்களை சேத்துக்கல, மூச்சடைக்கற குழந்தைக்கு மருந்தே இல்லாத சிரப்பைக் கொடுத்து வேடிக்கை பாக்க முடியாதே. அதனால மூச்சுப்பாதைக்கான நம்பிக்கை எல்லாம் பல ஆஸ்பத்திரிகள் தனித்தனியா எழுதின அனுபவத்துலேருந்து வந்தது, நம்பகமான அனுபவம்தான், ஆனா அந்த 60ங்கற எண்ணை எடுத்து இங்க ஒட்டக்கூடாது. மருந்து எப்படி வேலை செய்யுதுங்கறதும் இன்னும் முழுசா அவிழல, முதல்ல ரத்தக்குழாய் சுருங்கறதால நிறம் மாறுது, அப்புறம் புது ரத்தக்குழாய் வளரச் சொல்ற சிக்னல் குறையுது. 2019 வாக்குல இன்னொண்ணு தெரிஞ்சுது, ப்ரோப்ரானோலால்ங்கறது கண்ணாடி பிம்பம் மாதிரி ரெண்டு வடிவம் கலந்தது, அதுல இதயத்துல பெருசா வேலை செய்யாத அந்த இன்னொரு வடிவம் சாக்ஸ்-18ங்கற ஒரு புரோட்டீனைத் தடுத்து கட்டியை அடக்குதுன்னு. இது கைகூடினா இதயத்தைத் தொடாம கட்டிக்கு மட்டும் மருந்து கொடுக்கலாம்.

மருந்து வாய் வழியா கொடுக்கற சிரப்தான், ஆனா சாதாரண சிரப் மாதிரி நினைச்சுடக்கூடாது. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதயத் துடிப்பு, பிரஷர் எல்லாம் பாத்து, சின்னக் குழந்தையா இருந்தாலோ மூச்சுக்கு சிரமம் இருந்தாலோ ஆஸ்பத்திரில வச்சு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, தினம் கிலோவுக்கு 2லேருந்து 3 மில்லிகிராம் வரைக்கும் கொண்டு போவாங்க. மூச்சு ரொம்ப மோசமா இருந்தா ஆரம்பத்துல சில நாள் ஸ்டீராய்டும் கூட. முகத்துல பெரிய ஹீமாஞ்சியோமா இருந்தா பேஸ் சிண்ட்ரோம்னு மூளைக்குப் போற ரத்தக்குழாய், இதயம், கண் எல்லாத்துலயும் கோளாறு சேந்து இருக்கலாம், அந்த குழந்தைக்கு பிரஷர் இறங்கினா மூளைக்கு ரத்தம் குறையற ஆபத்து இருக்கு, அதனால எம்ஆர்ஐயும் எக்கோவும் பாத்து ரொம்ப நிதானமா ஆரம்பிப்பாங்க.

வீட்டுல கவனிக்க வேண்டியதுல எல்லாத்துக்கும் மேல ரத்தச் சர்க்கரை. பசில உடம்பு கல்லீரல்ல சேத்து வச்ச சர்க்கரையை எடுத்து விடும், இந்த மருந்து அதைத் தடுக்கும், அதோட சர்க்கரை குறைஞ்சா வழக்கமா வர்ற படபடப்பையும் மறைச்சிடும். கைக்குழந்தைக்கு சேமிப்பே கொஞ்சம்தான். அதனால பால் குடிக்கும்போதோ குடிச்சு முடிச்சதுமோதான் மருந்து, வெறும் வயித்துல கூடவே கூடாது, ராத்திரி நீண்ட நேரம் தூங்க விட்டுடக்கூடாது, வாந்தி பேதி வந்து பால் சரியா குடிக்கலன்னா அந்த வேளை மருந்தை நிறுத்தி வச்சுட்டு டாக்டருக்குப் போன் பண்ணணும். குழந்தை துவண்டு போனாலோ எழுப்பினாலும் எழாம இருந்தாலோ வலிப்பு வந்தாலோ ஒரு நிமிஷம் கூட தாமதிக்கக்கூடாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு வாங்கின குழந்தைக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கை கால் சில்லுன்னு இருக்கறது, தூக்கம் கெடறது இதெல்லாம் அடிக்கடி வர்றது, பெரும்பாலும் சமாளிச்சிடலாம். நெஞ்சுல வீசிங் வந்தா கொஞ்சம் சிக்கல், ஏன்னா இந்த மருந்து வீசிங்கை மோசமாக்கும், ஆனா நிறுத்தினா கட்டி திரும்பப் பெருத்து மேல் பாதையை அடைக்கலாம், அதனால இந்த முடிவை வீட்டுல எடுக்காம டாக்டர்கிட்டயே விடறது நல்லது. இன்னொரு விஷயம் நிறைய பேர் கவனிக்காம விடறது, குழந்தை எடை ஏற ஏற மருந்தோட அளவும் ஏறணும், 4 கிலோல ஆரம்பிச்ச அளவையே 7 கிலோ வரைக்கும் கொடுத்துக்கிட்டு இருந்தா சத்தம் திரும்ப வரும், மருந்து கேக்கலன்னு நினைச்சுப்போம், உண்மைல அளவு பத்தல. குறைஞ்சது 6 மாசம், மூச்சுப்பாதைக்கு பெரும்பாலும் ஒரு வயசு தாண்டற வரைக்கும் தொடருவாங்க, சில குழந்தைங்களுக்கு நிறுத்தினதும் கட்டி மறுபடி தலை தூக்கும், அப்ப திரும்ப ஆரம்பிச்சா பெரும்பாலும் கேக்கும். சிலருக்கு மருந்து பாதிதான் வேலை செய்யும், அவங்களுக்கு கட்டிக்குள்ள ஸ்டீராய்டு ஊசி, அளவா லேசர், இல்ல திறந்து எடுக்கற ஆபரேஷன்னு பழைய வழிகள் இப்பவும் கைல இருக்கு.

அடுத்தது நீர்க்கட்டிகள், இதுல சொல்ல கொஞ்சம்தான் இருக்கு. நாக்கோட அடிவேருக்கும் குரல்வளை மூடிக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல வர்றது வலேக்குலர் சிஸ்ட், பொறந்த கொஞ்ச நாள்லயே சத்தம், பால் குடிக்க முடியாம திணறல், எடை ஏறாம இருக்கறது. லாரிங்கோமலேசியா மாதிரியே நடிக்கும், சில சமயம் ரெண்டும் சேந்தே இருக்கும். ஊசி குத்தி நீரை உறிஞ்சினா திரும்ப நிரம்பிடும், அதனால வாய் வழியாவே போய் கட்டியோட மேல்கூரையை வெட்டித் திறந்து விட்டுடுவாங்க, பெரும்பாலும் ஒரே ஆபரேஷன்ல கதை முடிஞ்சிடும். ஆனா கத்தி வைக்கறதுக்கு முன்னாடி கழுத்துல ஸ்கேன் பண்ணி தைராய்டு அதோட இடத்துல இருக்கான்னு பாத்துக்கணும், ஏன்னா சில குழந்தைங்களுக்கு தைராய்டே கீழ இறங்காம நாக்கடில உக்காந்திருக்கும், கட்டின்னு நினைச்சு எடுத்தா இருந்த ஒரே தைராய்டும் போச்சு. இன்னொரு வகை குறைமாசத்துல பொறந்து வென்டிலேட்டர்ல இருந்த குழந்தைங்களுக்கு வர்றது, ட்யூப் உரசின இடத்துல சளிச் சுரப்பியோட வாய் அடைச்சு கிரிகாய்டு பக்கம் நீர்க்கட்டி வரும், ட்யூப் எடுத்து வாரங்கள் மாசங்கள் கழிச்சுதான் சத்தம் ஆரம்பிக்கும், அதனால குழந்தை வென்டிலேட்டர்ல இருந்துதுங்கறதை எந்த புது டாக்டர்கிட்டயும் முதல்லயே சொல்லிடணும். இது திரும்ப வர்ற சுபாவம் உள்ளது, அடிக்கடி எட்டிப் பாத்துக்கிட்டே இருக்கணும்.

மூணாவது ஆள்தான் மனசைக் கஷ்டப்படுத்தறவன், பாப்பிலோமா. எச்பிவி வைரஸோட 6, 11ங்கற வகைகளால வர்ற மரு மாதிரி வளர்ச்சி, குரல் நாண்ல ஆரம்பிக்கும். பெரும்பாலும் 2லேருந்து 4 வயசுல கண்டுபிடிப்பாங்க, கைக்குழந்தைலயும் வரும், எவ்ளோ சின்ன வயசுல வருதோ அவ்ளோ வீரியம். முதல்ல குரல் கம்மும், அப்புறம்தான் மூச்சு. ஹீமாஞ்சியோமாவுக்கு காலம் துணை, இதுக்கு காலமே எதிரி, எடுத்தா திரும்ப வரும், சில குழந்தைங்களுக்கு சில வாரத்துக்கு ஒரு ஆபரேஷன்னு கணக்கே இல்லாம போயிக்கிட்டு இருக்கும். மைக்ரோடிப்ரைடர்னு சுழல்ற பிளேடு வச்சு சீவி உறிஞ்சி எடுப்பாங்க, இல்லன்னா லேசர். லேசர்னா தீப்பிடிக்கற ஆபத்து இருக்கு, அதனால ஆக்ஸிஜன் அளவைக் குறைச்சு ரொம்ப ஜாக்கிரதையா செய்வாங்க. கண்ணுக்குத் தெரியறது எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடணும்னு போனா ரெண்டு குரல் நாணும் முன்னாடி ஒட்டிக்கிட்டு குரலே போயிடும், வைரஸ் எப்படியும் பக்கத்து நல்ல தோல்லயும் ஒளிஞ்சிருக்கு, அதனால மூச்சுக்கு வழி விட்டா போதும், குரலைக் காப்பாத்துங்கறதுதான் அனுபவசாலிங்க கைப்பிடிக்கற வழி. ட்ரக்கியாஸ்டமியை முடிஞ்ச வரைக்கும் தவிர்ப்பாங்க, ஓட்டை போட்ட இடத்துலயும் கீழயும் மரு பரவ அது வழி செஞ்சு கொடுக்கும். அடிக்கடி ஆபரேஷன் தேவைப்படறவங்களுக்கு பெவாசிசுமாப்னு ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கற மருந்தை ரத்தத்துல நேரா ஏத்தறாங்க, நல்லா சுருங்குது, ஆனா நிறுத்தினா பல பேருக்கு திரும்பிடுது.

இந்த வைரஸ் பெரும்பாலும் பிரசவத்துல அம்மாகிட்டேருந்து வருது. இதைக் கேட்டதும் எந்த அம்மாவும் தன்னையே குத்தம் சொல்லிக்குவாங்க, அதனால இதையும் சேத்தே சொல்லிடறேன், டென்மார்க்ல எடுத்த கணக்குல கர்ப்ப காலத்துல பிறப்புறுப்புல மரு இருந்த அம்மாக்களுக்குப் பொறந்த 1000 குழந்தைல 7 பேருக்குத்தான் இது வந்துது, 993 பேருக்கு ஒண்ணும் இல்ல, எச்பிவிங்கறதும் உலகத்துல பெரும்பாலான பெரியவங்களுக்கு ஏதோ ஒரு கட்டத்துல வந்து சத்தமில்லாம போற வைரஸ்தான். இந்த ஆபத்து இவ்ளோ குறைவுங்கறதால இதுக்காக மட்டும் சிசேரியன் பண்ணச் சொல்றதும் இல்ல. தடுக்கற வழி அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு: 6, 11, 16, 18ங்கற நாலு வகைக்கான தடுப்பூசி 2006ல வந்துது, ஆஸ்திரேலியா 2007லேருந்து பொண்ணுங்களுக்கு நாடு முழுக்க போட ஆரம்பிச்சுது, அந்தப் பொண்ணுங்க வளந்து அம்மா ஆனப்ப குழந்தைங்கள்ல பாப்பிலோமா புதுசா வர்றது 2012ல லட்சத்துக்கு 0.16ஆ இருந்தது 2016ல 0.02ஆ இறங்கிச்சு. கர்ப்பப்பை வாய் கேன்சரைத் தடுக்கப் போட்ட ஊசி, இன்னும் பொறக்கவே பொறக்காத குழந்தைங்களோட தொண்டையைக் காப்பாத்தியிருக்கு. ஆனா எல்லா எச்பிவி ஊசிக்கும் இந்தப் பலன் கிடையாது, 16, 18 ரெண்டுக்கு மட்டும் இருக்கற ஊசி கேன்சருக்கு எதிரா வேலை செய்யும், இந்த மருவைத் தடுக்காது, அதனால வீட்டுப் பொண்ணுக்கோ பையனுக்கோ ஊசி போடப் போறப்ப 6ம் 11ம் அதுல இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.